மெத்தனம் என்று எழுதிவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மலைப்பகுதியில் தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டில் நடக்கும் திருட்டுகளைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: "வேலைக்கு வைக்கும் ஆளின் பின்னணியை விசாரிக்காத மெத்தனமே இதற்குக் காரணம், அதற்கென்று இப்போது எத்தனையோ செயலிகள் வந்துவிட்டன." அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அப்பா காலத்திலிருந்து உங்கள் பேப்பர் வருகிற வீடு இது, அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நான் இருப்பது கோத்தகிரி பக்கம் அரவேணுவில். அம்மாவுக்கு 86 வயது, இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருடமாகப் படுக்கை. பார்த்துக்கொள்ள ஆள் தேடி, தெரிந்தவர் மூலமாகக் கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல மாதிரிதான் தெரிந்தது, ஆனாலும் ராத்திரி பகல் என்று வீட்டோடு இருக்கப்போகிறவள், நான் மருந்து வாங்க குன்னூர் போனால் அம்மா அவள் கையில். விசாரிக்காமல் எப்படி வைப்பது? நீங்கள் சொன்ன செயலிகளில் ஒன்றைத்தான் நானும் தேடிப் பிடித்தேன். 199 ரூபாய் என்றது, கட்டினேன். ஆதார் எண்ணைப் போட்டதும் 'சரியானது' என்று ஒரு பச்சை டிக் வந்தது. அவ்வளவுதான். அட்டையில் இருக்கும் கியூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் காட்டினால் காசில்லாமலே அது தெரியும் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் மாதச் சந்தா 1,499 ரூபாயாம். நான் பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஆள், அதுவும் ஒரே ஒரு தடவை, எனக்கு எதற்கு மாதச் சந்தா என்று கேட்க அந்தப் பக்கம் ஒரு மனிதர் கூட இல்லை. வேறு வழி தெரியாமல் கட்டினேன். அடுத்த மாதமும் 1,499 எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, தகவலும் வந்திருக்கிறது, ஆனால் அந்தச் சமயம் மூன்று நாளாக மழையில் இங்கே டவர் இல்லை. 15,000 ரூபாய் வரை ஓடிபி கூடக் கேட்காமல் எடுக்கலாம் என்று வங்கியில் போய் நின்றபோதுதான் சொன்னார்கள். சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு வழியே இல்லாமல் செய்வதைச் சந்தாப் பொறி என்று சொல்லித் தடை செய்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். ஆசிரியருக்கு இந்த வழிகாட்டுதல் தெரியாமல் இருக்காது. ஆனால் இதே மாதிரி செயலிகளின் விளம்பரம் உங்கள் பேப்பரில்தான் அரைப் பக்கத்துக்கு வருகிறது.

ஊரைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உறைபனி விழுந்தால் எங்கள் படம் முதல் பக்கத்தில் வருகிறது, மலர்க் கண்காட்சி என்றால் நான்கு பக்கம். 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்தபோது வருகிற சுற்றுலாப் பயணிகள் எப்படி விண்ணப்பிப்பது என்று படம் போட்டு விளக்கினீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் பக்கம் பஸ் இல்லை என்று நான் எழுதிய மூன்று கடிதங்களில் ஒன்று கூட வரவில்லை. சரி, அது போகட்டும்.

வழக்கு இருக்கிறதா என்று காசில்லாமல் பார்க்கும் வழியை எனக்குச் சொன்னவர் கோர்ட்டில் இருக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தா. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரும் வருடமும் போட்டு வழக்குகளை இலவசமாகவே தேடலாம் என்றார். ஆனால் ஒவ்வொரு கோர்ட் வளாகத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உதகை, குன்னூர், கூடலூர், அவள் முன்பு வேலை பார்த்த கோயம்புத்தூர் என்று நான்கு இடமாவது. சிக்னலுக்காக வீட்டுக்கு மேலே இருக்கும் வளைவு வரை ஏறிப்போய், குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேடுவது மனிதர்தானா என்று பார்க்க அந்தத் தளம் காட்டும் கோணல் எழுத்துகளைத் தட்டினேன், தட்டி முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் அவள் பெயரிலேயே ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி மேல் திருட்டு வழக்கு. நெஞ்சு பதறிவிட்டது. குமாஸ்தாதான் விசாரித்து, தகப்பனார் பெயர் வேறு, ஊர் வேறு, இது இவளில்லை என்றார். அவர் இல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத பெண்ணை அன்றைக்கே அனுப்பியிருப்பேன். பெயரை மட்டும் பார்த்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையும் ஆன்லைனில் பார்க்கலாம், 24 மணி நேரத்தில் அதைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இணைப்புச் சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கஷ்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது, உங்கள் கட்டுரையாளருக்குப் புரியவில்லை.

கடைசியாகச் செய்ததுதான் சரியான வழி. தமிழ்நாடு காவல்துறை தளத்திலேயே வீட்டு வேலையாள், வாடகைக்கு வருபவர் என்று தனித்தனியாகச் சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. 500 ரூபாய் ஒரே தடவை கட்டினேன், சந்தா கிந்தா எதுவும் கிடையாது. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். ஆதாரைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது, "எம்மேல நம்பிக்கை இல்லீங்களாக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "முந்தின வீட்டுல வளையல் காணோம்னதும் மொதல்ல என் பையத்தான் கொட்டிப் பாத்தாங்க, இந்த மாதிரி ஒரு பேப்பர் இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள். பதினேழாம் நாள் அறிக்கை வந்தது, குற்றப் பதிவு ஏதும் இல்லை. ஒரு பிரதி எடுத்து அவளிடமே கொடுத்தேன், அதே கவரில் வைத்திருக்கிறாள்.

இவ்வளவு அலைந்தவளைத்தான் மெத்தனம் என்கிறீர்கள். விசாரிக்காமல் ஆள் வைக்கிற என் வயதுக்காரர்கள் எல்லோரும் கவலை இல்லாதவர்கள் என்றா நினைக்கிறீர்கள்? வழி இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் கேட்பது பேப்பரில் அரைப் பத்தி இடம்தான். காவல்துறைச் சரிபார்ப்புக்கு எங்கே போவது, எவ்வளவு கட்டணம், என்னென்ன ஆவணம், இ-கோர்ட்ஸில் எப்படித் தேடுவது என்று தமிழில் ஒரு பெட்டிச் செய்தி, படிக்கிற அளவு பெரிய எழுத்தில், மாதம் ஒரு தடவை போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றாலும் பரவாயில்லை, அதை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அரவேணு, கோத்தகிரி வட்டம்