டிரேட்மார்க் சான்றிதழில் காலாவதி நாளை அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் செய்வோர் தங்கள் பொருளின் பெயரை டிரேட்மார்க்காக, அதாவது வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதன் தேவையை வலியுறுத்தி, தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விண்ணப்பிப்பது எப்படி என்பதை விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரை, பதிவு எத்தனை காலம் செல்லும் என்பதற்கு 'பத்தாண்டு' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டது. அது சரியான தகவல்தான். ஆனால் அந்தப் பத்தாண்டு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது அதில் இல்லை. விருதுநகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவரும் நான், அந்த ஒரு விவரம் தெரியாததால் ஒரு குடும்பம் தன் பெயரின் மீதிருந்த பதிவை இழந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்தார் 1996 முதல் நல்லெண்ணெயும் குழம்பு மசாலாப் பொடியும் ஒரே பெயரில் விற்றுவருகிறார்கள். கடையைத் தொடங்கிய பெரியவர் 2012ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று, ஒரு முகவர் மூலம், பதிவுக்காகப் பொருள்கள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ள வகுப்புகளில் எண்ணெய்க்கு 29ஆம் வகுப்பிலும் மசாலாவுக்கு 30ஆம் வகுப்பிலும் அந்தப் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். ஆட்சேபம், விசாரணை, டிரேட்மார்க் பதிவகத்தின் இதழில் அறிவிப்பு என்று படிப்படியாக நகர்ந்து, 2018 பிப்ரவரியில்தான் சான்றிதழ் கைக்கு வந்தது. அதைச் சட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டினார். 2028 பிப்ரவரி வரை கவலையில்லை என்று அவரும் நினைத்தார், அவருடைய கணக்குகளைப் பார்க்கும் நானும் நினைத்தேன்.

2024 செப்டம்பரில் மதுரையிலுள்ள அவர்களுடைய மொத்த விற்பனையாளர் ஒரு மசாலாப் பொட்டலத்தின் படத்தை அனுப்பினார். பெயரில் ஓர் எழுத்து மட்டுமே வேறு. நிறமும் எழுத்தின் வடிவமும் ஏறத்தாழ அதே. வழக்குத் தொடுக்கலாம் என்று சான்றிதழை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனோம். அவர் பதிவேட்டை இணையத்தில் பார்த்துவிட்டு, பதிவு 2022 ஜூன் 18 அன்றே முடிந்துவிட்டது என்றும், புதுப்பிக்காததால் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்றும் சொன்னார். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தாள் என்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டார்.

1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம், 23ஆம் பிரிவில், பதிவு செய்யப்படும் சின்னம் விண்ணப்பித்த நாளிலேயே பதிவானதாகக் கருதப்படும் என்கிறது. 25ஆம் பிரிவின்படி பத்தாண்டும் அந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. இது உரிமையாளருக்கு நன்மை செய்யும் ஏற்பாடே. அவருடைய உரிமை விண்ணப்பித்த நாள்வரை பின்னோக்கிச் செல்கிறது. ஆனால் சான்றிதழ் வந்து சேர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்போது, பத்தாண்டில் பாதிக்கு மேல், கையில் எதுவும் இல்லாமலேயே கழிந்துவிடுகிறது.

சான்றிதழில் இரண்டு நாள்கள் உள்ளன. மேலே, வாசகத்தின் நடுவே, விண்ணப்பித்த நாள். கீழே, முத்திரையிடப்பட்ட நாள். எவருடைய கண்ணும் முதலில் முத்திரைக்கு அருகில் உள்ள நாளில்தான் விழும். பதிவு, 'மேலே முதலாவதாகக் குறிப்பிட்ட நாளிலிருந்து' பத்தாண்டுகளுக்கு உரியது, அதன்பின் பத்துப்பத்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் அதில் இருக்கிறது. சட்டம் படித்தவர்களுக்கு அது போதும். எட்டாம் வகுப்போடு கடைக்கு வந்து உட்கார்ந்த ஒருவருக்கு, அந்த 'முதலாவதாகக் குறிப்பிட்ட நாள்' எது என்று எப்படித் தெரியும்? ஓட்டுநர் உரிமத்திலும் பாஸ்போர்ட்டிலும் உணவுப் பாதுகாப்பு உரிமத்திலும் முடிவு நாள் பளிச்சென்று அச்சாகி வருகிறது. வணிகனின் பெயரைக் காக்கும் இந்தச் சான்றிதழில் மட்டும் அவரே கூட்டிக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

புதுப்பிக்கும் முறை எளிதானது. கெடு தவறியவர்களுக்குச் சட்டம் ஓரளவு இரக்கமும் காட்டுகிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, முடிவு நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே டி.எம்.-ஆர் என்ற படிவத்தில் விண்ணப்பிக்கலாம். இணையவழியில் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 9,000 ரூபாய். நேரில் தாள் வழியாகக் கொடுத்தால் 10,000 ரூபாய். முடிவு நாள் கடந்து ஆறு மாதத்துக்குள் என்றால் இணையவழியில் 4,500 ரூபாய் கூடுதல் கட்டணம் சேர்த்து 13,500 ரூபாய். ஆறு மாதம் கடந்து ஓராண்டுக்குள் என்றால், நீக்கப்பட்ட பதிவை மீட்டுத் தரும்படி கேட்க வேண்டும். மீட்புக்கு 9,000 ரூபாயும் புதுப்பித்தலுக்கு 9,000 ரூபாயும் ஆக 18,000 ரூபாய். எங்கள் பெரியவருக்கு இரண்டு வகுப்புகள். 2022 ஜூன் 18க்குள் கட்டியிருந்தால் 18,000 ரூபாயில் முடிந்திருக்கும். 2023 ஜூன் 18 வரை தாமதித்திருந்தாலும் 36,000 ரூபாயில் பதிவைக் காப்பாற்றியிருக்கலாம். நாங்கள் போய்க் கேட்டபோது அந்தக் கெடுவும் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

பழைய வணிகர் சிலர் இன்றும் 'ஏழாண்டு' என்று சொல்வதுண்டு. 1958ஆம் ஆண்டின் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போதைய சட்டம் நடைமுறைக்கு வந்த 2003 செப்டம்பர் 15 முதல் அது பத்தாண்டு. எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. காப்புரிமை இருபது ஆண்டோடு முடிந்துவிடும். வடிவமைப்புப் பதிவுக்குப் பதினைந்து ஆண்டே உச்சம். டிரேட்மார்க் ஒன்றுதான், உரிய காலத்தில் கட்டணம் கட்டிப் பயன்படுத்தி வரும்வரை, தலைமுறை தலைமுறையாக நிற்கக்கூடியது. இங்கிலாந்தில் 1876 ஜனவரி 1 அன்று முதல் எண்ணாகப் பதிவான பாஸ் பீர் ஆலையின் சிவப்பு முக்கோணம் இன்றும் அந்நாட்டுப் பதிவேட்டில் இருக்கிறது. இப்படி நூறாண்டு தாண்டி நிற்கக்கூடிய உரிமை, நாள் தெரியாத காரணத்தால் முதல் பத்தாண்டிலேயே அறுந்துபோவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பதிவகம் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டாமா என்று வாசகர்கள் கேட்கலாம். அனுப்பத்தான் வேண்டும். முடிவு நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அறிவிப்பு அனுப்பாமல் பதிவை நீக்கியது செல்லாது என்று டில்லி, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தும் உள்ளன. அறிவிப்பே வராமல் பதிவை இழந்தவர்கள் இதைத் தங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பதிவேட்டில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் அறிவிப்பு போகும். எங்கள் விஷயத்தில் அது முகவரின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அவர் 2020லேயே தொழிலை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்களும் முகவரியை மாற்றிப் பதிந்திருக்க வேண்டும்.

பதிவு போனால் பெயரே போய்விடுமா என்றால், முழுவதும் போகாது. நீக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு வரை, வேறொருவர் அதே போன்ற பெயருக்கு விண்ணப்பித்தால், பழைய சின்னம் பதிவேட்டில் இருப்பதாகவே கருதிப் பரிசீலிக்க வேண்டும் என்று 26ஆம் பிரிவு பொதுவாகச் சொல்கிறது. நீண்ட காலமாகப் பயன்படுத்தி வந்தவர், பதிவு இல்லாமலேயே, தன் பொருளைப் போல் காட்டி விற்பவர்மீது வழக்குத் தொடுக்கவும் முடியும். ஆனால் நிரூபிக்கும் சுமை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. பதிவு இருந்தால் சான்றிதழே முதல் சாட்சி. இல்லாவிட்டால் 1996ஆம் ஆண்டுப் பட்டியல் எங்கே, விளம்பரம் எங்கே, விற்பனை வரிக் கணக்கு எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் மருமகள் மூன்று வாரம் பரணில் இருந்த பழைய மூட்டைகளைப் பிரித்து, கரையான் தின்றது போக மிஞ்சிய பில் புத்தகங்களை எடுத்து வந்தார். இன்னொன்றையும் வழக்கறிஞர் எச்சரித்தார். வட்டத்துக்குள் 'ஆர்' என்ற எழுத்தை, பதிவு இல்லாத பெயரோடு, பதிவானது போல் காட்டி அச்சிட்டால் 107ஆம் பிரிவின்படி பண அபராதம் விதிக்க இடமுண்டு. அச்சாகி வந்திருந்த அட்டைப் பெட்டிகள் அத்தனையும் அன்றே ஓரம் கட்டப்பட்டன.

ஆகவே இதைப் படிக்கும் வணிகர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சான்றிதழில் உள்ள எண்தான் விண்ணப்ப எண். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டுப் பார்த்தால் பதிவு எந்த நாள் வரை செல்லும் என்பது தெரிந்துவிடும். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே காணும் உரிமையாளர் பெயரும் முகவரியும் மின்னஞ்சலும் சரியா என்றும் பாருங்கள். தந்தை காலமாகிப் பிள்ளைகள் நடத்தும் கடைகளிலும், கூட்டாளி மாறிய நிறுவனங்களிலும் சின்னம் பழைய பெயரிலேயே கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மாற்றத்தை டி.எம்.-பி படிவத்தில் பதிந்துவிடுவது நல்லது. கடைசி மாதத்தில் இரண்டு வேலைகளையும் சேர்த்துச் செய்ய முற்பட்டால் கெடு தவறிப்போகும். இந்தியாவில் புதுப்பிக்கும்போது சின்னத்தைப் பயன்படுத்தி வருவதற்குச் சான்று காட்டத் தேவையில்லை. அதற்காகப் பயன்படுத்தாமலே வைத்திருக்கலாம் என்று எண்ணக் கூடாது. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாத சின்னத்தை நீக்கும்படி மற்றவர்கள் கேட்க 47ஆம் பிரிவு வழி செய்கிறது. ஏற்றுமதி செய்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இந்தியப் பதிவு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும், பிற நாடுகளில் செய்த பதிவுகளின் நாள்களை அந்தந்த நாட்டுச் சட்டப்படி தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.

அரசு முத்திரை போன்ற ஒன்றோடு, 'உங்கள் டிரேட்மார்க் முடியப்போகிறது, உடனே பணம் கட்டுங்கள்' என்று தனியார் அனுப்பும் கடிதங்களும் வருகின்றன. எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் பதிவேட்டைப் பாருங்கள், பிறகு பணத்தைக் கொடுங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக மத்திய அரசின் வணிக, தொழில் அமைச்சகத்துக்கும் சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்துக்கும் வைக்க விரும்பும் கோரிக்கைகள் மூன்று. முதலாவதும் முக்கியமானதும், சான்றிதழின் முகப்பிலேயே 'இந்த நாள் வரை செல்லும்' என்று முடிவு நாளை எண்ணால் அச்சிட வேண்டும் என்பது. இதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் நாள்தான் அது. முன்னறிவிப்பு முகவருக்கு மட்டும் போகாமல், உரிமையாளரின் கைபேசிக்கும் அவருக்குத் தெரிந்த மொழியில் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும் என்பது அடுத்தது. மூன்றாவது, கட்டணம் பற்றியது. புதிதாக விண்ணப்பிக்கும்போது தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய் என்று சலுகை இருக்கிறது. புதுப்பிக்கும்போது அந்தச் சலுகை இல்லை. செக்கு வைத்திருப்பவரும் பன்னாட்டு நிறுவனமும் ஒரே 9,000 ரூபாயைக் கட்ட வேண்டும். காப்புரிமைக்கான புதுப்பித்தல் கட்டணத்தில் சிறு நிறுவனங்களுக்குக் குறைத்துக் கொடுக்கும் அரசு, டிரேட்மார்க்குக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? பத்தாண்டுக்குப் பரப்பிப் பார்த்தால் மாதம் 75 ரூபாய்தான் என்பது உண்மை. ஆனால் நான்கைந்து வகுப்புகளில் பதிந்த ஒரு சிறு கடைக்காரர் அதை ஒரே மாதத்தில் எடுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

பெரியவர் பழைய பில் புத்தகங்களையும் பிரமாணப் பத்திரத்தையும் இணைத்து, 2024 அக்டோபர் 21 அன்று இரண்டு வகுப்புகளுக்கும் புதிதாக விண்ணப்பித்திருக்கிறார். மதுரையிலிருந்து வந்த படத்தில் கண்ட பொட்டலத்தை விற்பவரும் தன் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறார்; அதற்கு எதிர்ப்பும் தெரிவித்திருக்கிறோம். சான்றிதழ் எப்போது வரும் என்று தெரியாது. எப்போது வந்தாலும் அதன் காலம் 2034 அக்டோபர் 21 அன்று முடியும். அந்த நாளை என் நாட்குறிப்பிலும், கல்லாப்பெட்டிக்கு மேலே பழைய சான்றிதழ் மாட்டியிருந்த இடத்தில் ஒரு தாளிலும் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்,
விருதுநகர்.