பூட்டு இருக்கிறது, கட்டத்தான் இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிள் திருட்டு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டு வாசலில் இரவு நிறுத்தும் சைக்கிளையும் ரயில்வே ஸ்டாண்டில் விடும் சைக்கிளையும் எப்படிக் காப்பது என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் எங்கள் திருச்சியில் நான் கேள்விப்படும் திருட்டுகள் பெரும்பாலும் அந்த இடங்களில் நடப்பதில்லை. ஜெராக்ஸ் கடை வாசல், மருந்துக்கடை வாசல், டியூஷன் சென்டர் மாடிப்படி அடி என்று, 'இதோ வந்துடறேன்' என இறங்கிப் போகிற இடங்களில்தான் நடக்கின்றன. கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். தில்லைநகரில் ஒரு கடை வாசலில் நிறுத்தி, ரிங் லாக்கைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறான். நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு வெளியே வந்தால் சைக்கிள் இல்லை. பக்கத்துக் கடை கேமராவில் பார்த்தோம். ஒரு ஆள் சாவகாசமாக வருகிறார். கேரியரைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தூக்குகிறார், முன்சக்கரத்தை உருட்டிக்கொண்டே நடந்து போய்விடுகிறார். ஓட்டமில்லை, பதற்றமில்லை. எதிரே ஸ்கூட்டியில் வந்த அம்மா வண்டியை ஒதுக்கி வழி வேறு விடுகிறார். சாவியைத் தொலைத்துவிட்டார் போல, பாவம் என்று நினைத்திருப்பார்.

ரிங் லாக் செய்வது இவ்வளவுதான். சக்கரத்தைச் சுற்ற விடாது. மாட்டை முளையில் கட்டாமல் காலை மட்டும் பிணைத்துவிட்டுப் போவது மாதிரி. ஏறி மிதித்துக்கொண்டு போக முடியாதே தவிர, தூக்கிக்கொண்டு போகலாம், குட்டியானை வேனில் ஏற்றலாம். இன்று பிள்ளைகள் கேட்டு வாங்கும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் அந்த லாக்கும் கிடையாது, கேரியரும் கிடையாது. ஸ்டாண்டைக்கூடத் தனியாகக் காசு கொடுத்து மாட்ட வேண்டியிருக்கிறது.

சரி, தனியாகப் பூட்டு வாங்கலாம் என்று கடைக்குப் போனால் முதலில் எடுத்துக் காட்டுவது நம்பர் போட்ட வயர் லாக். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது முறுக்கிய மெல்லிய கம்பி. நல்ல கட்டிங் பிளேயர் இருந்தால் ஒவ்வொரு இழையாக நறுக்கிவிடலாம். நறுக்கக்கூட வேண்டாம். அவசரத்தில் நிறுத்துகிறவர்கள் நாலு எண்ணையும் கலைப்பதில்லை, கடைசி உருளையை மட்டும் ஒரு பல் தள்ளிவிட்டுப் போகிறார்கள். திறக்க வருகிறவருக்கும் அது தெரியும்.

கொஞ்சம் கனமான சங்கிலியோ, 'யு' வடிவில் வளைத்த தடித்த இரும்புப் பூட்டான யு லாக்கோதான் உருப்படியானது. அதையும் மாட்டுகிற விதத்தில் மாட்ட வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டினால், ஸ்பானர் இல்லாமல் கையாலேயே சக்கரத்தைக் கழற்றும் குயிக் ரிலீஸ் வைத்த சைக்கிளில் சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்விடுவார்கள். பின்சக்கரம், ஃப்ரேம், கம்பம் மூன்றையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டு தரையில் கிடக்கக் கூடாது, தரையில் வைத்துச் சுத்தியலால் அடிக்க வசதியாகப் போய்விடும். பேட்டரி கிரைண்டர் கொண்டுவந்தால் எந்தப் பூட்டும் நிற்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் பட்டப்பகலில் மருந்துக்கடை வாசலில் தீப்பொறி பறக்க அறுக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

அலாரம் பற்றிக் கட்டுரையில் கொஞ்சம் கேலியாக எழுதியிருந்தார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரவு முழுக்க நிற்கும் சைக்கிளுக்கு அலாரம் வீண் என்பது சரி. பூனை உரசினாலும் கத்தும், லாரி போனாலும் கத்தும், மூன்றாம் நாளிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பத்தடி தள்ளி டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது கதையே வேறு. பல மாடல்களில் முதல் அசைவுக்குச் சின்னதாக ஒரு கீச்சு, தொடர்ந்து ஆட்டினால்தான் முழு அலறல். அந்தக் கீச்சிலேயே பாதிப் பேர் கையை எடுத்துவிடுவார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டால், சாவி தொலைந்த பாவப்பட்ட ஆளாக நடித்துக்கொண்டு போக முடியாது.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. அட்டையில் 110 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். அதை ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தது என்றே வைத்துக்கொண்டாலும், திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாக இரட்டிப்பாக 6 டெசிபல் குறையும், பத்து மீட்டரில் 90தான் மிஞ்சும். அதுவே போதுமான சத்தம். ஆனால் கண்ணாடிக் கதவை மூடி ஏசி போட்ட கடைக்குள் நீங்கள் இருந்து, வெளியே சாலை ரோட்டில் தனியார் பஸ் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போனால் காதில் விழுமா என்பது சந்தேகம். அப்புறம் உள்ளே இருக்கும் பட்டன் செல். அது இறங்கினால் குரல் கம்மிவிடும், அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது நல்லது. கேட்கும் தூரத்தில் நீங்கள் இருந்தால் மட்டுமே அலாரத்துக்கு மதிப்பு. சங்கிலிக்குப் பதிலாக அதை வாங்காதீர்கள், சங்கிலியோடு சேர்த்து வாங்குங்கள்.

போலீஸ் என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-ஆம் பிரிவு. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, ஆள் முதல் தடவை தண்டிக்கப்படுகிறார் என்றால், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்ததும் சமூக சேவைதான் தண்டனை. இந்த வகைத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்கவும் முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு இப்படி விலை பார்த்துப் பிரிக்கவில்லை. நாலு வருஷம் ஓடிய சைக்கிளுக்கு யார் ஐயாயிரம் மதிப்புப் போடுவார்கள்? புகாரை வாங்கிக்கொண்டதற்குக் கொடுக்கும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஏழைப் பிள்ளைக்கு அந்த மூவாயிரம் ரூபாய்ச் சைக்கிள்தான் பள்ளிக்கூடம் போகும் வழி என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே விலை கூடிய சைக்கிள் வைத்திருப்பவர்கள் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் மதிப்புக்குச் சாட்சி. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடல் அச்சு போகும் குழாயின் அடியைத் துடைத்தால் பெரும்பாலும் அங்கே ஃப்ரேம் நம்பர் குத்தியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். முன்பு சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை மாட்டிய காலத்தில் யாருடைய வண்டி என்பதற்கு ஒரு பதிவாவது இருந்தது. இப்போது அந்த நம்பரை விட்டால் வேறு அடையாளம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு மிஞ்சுவது, எதில் கட்டுவது என்ற கேள்வி. கடை வாசலில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே கம்பம் மின்கம்பம். அதில் மாட்டைக் கட்டாதீர்கள், துணிக்கொடி கட்டாதீர்கள் என்று மின்வாரியமே சொல்கிறது. மழைக்காலத்தில் இரும்புச் சங்கிலியோடு அதன் பக்கம் போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மரக்கூண்டில் கட்டினால் மரக்கன்று பாழாகும். கடைக்காரரிடம் உள்ளே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் முகம் சுளிக்கிறார். நாலு சக்கர வண்டிக்குக் கோடு போட்டு இடம் ஒதுக்குகிற ஊரில் சைக்கிளுக்கு ஒரு கம்பி கிடையாது.

கவிழ்த்து வைத்த 'ப' வடிவில் முக்கால் மீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாயை வளைத்து, இரண்டு காலையும் கான்கிரீட்டில் நட்டால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் கட்டலாம். மருந்துக்கடை, ரேஷன் கடை, நூலகம், டியூஷன் தெரு என்று பார்த்து மாநகராட்சி இதை வைக்கலாம். அதற்கு நிதி இல்லை என்றால் இன்னொரு வழி. புது நடைபாதைகளில் பைக் ஏறாமல் இருக்கக் குட்டைத் தூண்களை நட்டிருக்கிறார்கள். வழுவழுவென்று இருப்பதால் சங்கிலி போட்டால் மேல் வழியாக உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. அந்தத் தூண் ஒவ்வொன்றிலும் ஒரு வளையம் பற்றவைக்கச் சொல்லி எங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். மற்ற வார்டு வாசகர்களும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உறையூர், திருச்சி.