சீடையை வழவழப்பாக உருட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ண ஜெயந்திக்கு முந்தைய ஞாயிறன்று உங்கள் இணைப்பிதழில் வந்த உப்புச் சீடைக் குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். அளவுகளில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு கப் அரிசி மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி உளுத்தம் மாவு, அதே அளவு வெண்ணெய், எள், பெருங்காயம், தேங்காய்த் துருவல் எல்லாம் சரி. ஆனால் நடுவில் ஒரு வரி, உருண்டைகளை விரிசல் இல்லாமல் வழவழப்பாக உருட்டிக்கொள்ளச் சொல்கிறது. ஐயா, அது குலாப் ஜாமூனுக்கு உரிய விதி. சீடைக்கு அதைச் சொன்னால் வாணலியில் பட்டாசு போடச் சொன்ன கணக்கு.

பெங்களூரில் தனியாகக் குடியிருக்கும் என் தம்பி மகள் அந்தக் குறிப்பை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினாள். வாழ்நாளில் அவள் செய்த முதல் சீடை. கோலிக்குண்டு போல உருட்டித் தட்டில் அடுக்கி, படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான் அந்த நேரம் ராஜகோபாலசுவாமி கோயிலில் இருந்தேன். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஒரே ஈட்டில் 20 உருண்டைகள் போட்டாளாம். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று வெடித்தது, அதைத் தொடர்ந்து நாலைந்து. எண்ணெய் மேல்தளம் வரை தெறித்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. கழுத்தில் இரண்டும் மணிக்கட்டில் மூன்றுமாகக் கொப்புளங்கள். அடுப்பின் கிட்டே போக முடியவில்லை. சிலிண்டர் வெளியே பால்கனியில் இருந்ததால் ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடியிருக்கிறாள். அந்தச் சமயோசிதத்துக்காக அவளை எத்தனை முறை மெச்சினாலும் தகும்.

சீடை ஏன் வெடிக்கிறது என்பதில் மாயம் ஒன்றும் இல்லை. உருண்டைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது. எண்ணெயில் விழுந்ததுமே மேல்மாவு வெந்து ஓடாகிவிடுகிறது. அழுத்தி உருட்டிய உருண்டையில் ஆவி வெளியேற இடுக்கு இல்லை. உள்ளே நெருக்கி நெருக்கி, கடைசியில் ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. ஆகவே சீடைக்கு விரிசல்தான் அழகு. என் மாமியார் இரண்டு விரல்களுக்கு இடையே மாவை ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டுவிடுவார். கோணல் மாணலாக இருக்கும், ஒன்றுகூட வெடித்ததில்லை. எனக்கு நேர்த்தியாக உருட்டும் ஆசை அதிகம். அதற்காக அவரிடம் நிறைய வசவு வாங்கியிருக்கிறேன்.

வசவோடு போகவில்லை. 1987-ஆம் ஆண்டு, கல்யாணமான மறுவருடம், அஞ்சலக வேலை முடிந்து ஓடிவந்து அவசரமாகச் செய்த சீடை வெடித்து என் இடது முன்கை முழுக்க எண்ணெய் பட்டது. பக்கத்து வீட்டு மாமி பரிவோடு இட்லி மாவை எடுத்து அப்பிவிட்டார். மருத்துவமனையில் புண்ணுக்கு மருந்து போட்ட நேரத்தைவிட, காய்ந்து ஒட்டிய மாவைச் சுரண்டி எடுத்த நேரம் அதிகம். எண்ணெய் சுட்ட எரிச்சலைவிட அந்தச் சுரண்டலுக்குத்தான் நான் அழுதேன். தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால், நான் வீடு திரும்பியதும் தம்பி மகள் வீடியோ அழைப்பில் அழுதுகொண்டே, "அத்தை, பற்பசை தடவலாமா?" என்று கேட்டபோது, குழாயைத் திறந்து 20 நிமிடம் கையை அப்படியே நீட்டிக்கொண்டு நில் என்றேன். கழுத்துக்கு ஈரத்துணியை நனைத்து நனைத்து வைக்கச் சொன்னேன். வீங்குவதற்கு முன் வளையலைக் கழற்ற வைத்தேன். பேனா மை, மஞ்சள், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம் என்று சொல்லி, மாலையில் மருத்துவரிடம் போகச் செய்தேன்.

உருட்டுவது மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். சலிக்காத மாவும் வெடிக்கும். உளுந்தைச் சிவக்க வறுத்து அரைத்து மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். ஒரு குருணை தங்கினாலும் போச்சு. மில்லில் நமக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்பது கிருஷ்ணனுக்குத்தான் தெரியும், ஆகவே மில் மாவை இரண்டு முறை சலிப்பேன். கல் உப்பை நேராகப் போடாமல், தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் சேர்ப்பேன். தேங்காய்த் துருவலை வெறும் வாணலியில் ஈரம் போகப் புரட்டிக்கொள்வேன். உருட்டியவற்றைப் பழைய வேட்டியில் பரப்பிக் கால் மணி நேரம் விட்டால் ஈரத்தைத் துணி குடித்துவிடும். இரண்டு மணி நேரம் மறந்துவிட்டால் மேல்தோல் இறுகி, பழையபடி அதே வம்புதான். சந்தேகமாக இருந்தால் ஒவ்வோர் உருண்டையிலும் ஊசியால் ஒரு குத்து. பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

முதல் ஈட்டில் இரண்டே இரண்டு போட்டு, மாவு சலித்த கம்பிச் சல்லடையை வாணலிமேல் கவிழ்த்துவிட்டுத் தள்ளி நிற்பது என் வழக்கம். சலசலப்பு அடங்கிப் பொன்னிறமானால் மற்றவை இறங்கும். தட்டு போட்டு மூடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பொரித்துக்கொண்டிருக்கும்போது அது கூடாது. தட்டின் அடியில் நீர் கோத்து, திறக்கும்போது சொட்டுச் சொட்டாக எண்ணெயிலேயே விழும். தட்டு தேவைப்படுவது எண்ணெய் தீப்பற்றினால் மட்டும். அப்போது அடுப்பை அணைத்து, பொருத்தமான தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். தண்ணீரை மட்டும் ஊற்றிவிடக் கூடாது. இதெல்லாம் கூட்டுக் குடும்பத்தில் அடுப்பருகே நின்று பார்த்தே தெரிந்துகொண்டவை. இன்று பாதிப் பேர் உங்கள் இணைப்பிதழை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துக்கொண்டு சமைக்கிறார்கள். அதில் எழுதாதது அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

என் கோரிக்கை பெரியதல்ல. அடுத்த இணைப்பிதழிலேயே அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். பண்டிகை முடிந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவைத்தவர்கள் அடுத்த ஆண்டும் செய்வார்கள், என் டிரங்குப் பெட்டியில் 30 வருடக் கத்தரிப்புகள் இருக்கின்றன. இன்னொன்று, பலகாரக் குறிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாதா? முந்தைய பக்கத்தில் வந்த வெல்லச் சீடையில் பாகின் பதமே சொல்லவில்லை. பதம் தவறினால் அது எண்ணெயில் கரைந்து போகும். வெல்லம் இன்று விற்கும் விலையில் அதுவும் வயிற்றெரிச்சலே.

தம்பி மகளுக்குக் கொப்புளங்கள் ஆறிவிட்டன. மீதி மாவு அரைக் கிலோ பிரிட்ஜில் கிடக்கிறது, எறிந்துவிடட்டுமா என்று நேற்று கேட்டாள். ஊறவைத்த கடலைப் பருப்பும் கறிவேப்பிலையும் கலந்து, தட்டையாகத் தட்டிப் போடச் சொன்னேன். தட்டை ஆயிற்றே, இதுவும் வெடிக்குமா என்று பயந்தாள். உப்பிக்கொள்ளாமல் இருக்க முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்து, கண்ணாடியைக் கழற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
மன்னார்குடி