ஆபரேஷனோடு முடிந்துவிடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

காதடியில் வரும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் கட்டுரையும் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அவஸ்தை ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான்.

வீடு திரும்பிய அக்காவுக்கு ஒரு வாய் ரசம் சாதம் உள்ளே போனால் போதும், காதடிக் கட்டு நனைந்துவிடும். சீழ் என்று நினைத்துப் பதறினோம். பார்த்தால், எச்சில்! எடுத்தது போக மிஞ்சிய சுரப்பி, சாப்பிடும்போது தன் வேலையைச் செய்கிறது, வழி இல்லாததால் தையல் வழியே கசிகிறது. இறுக்கிக் கட்டி, தேங்கியதை ஊசியால் எடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடுமாம். இதை முன்னாலேயே சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் ரெண்டு வரி, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து, ஊறுகாயைத் தொட்டாலே அந்தக் கன்னம் மட்டும் வியர்த்தது. அறுபட்ட உமிழ்நீர் நரம்பிழைகள் திரும்ப வளரும்போது வியர்வைச் சுரப்பியோடு போய்ச் சேர்ந்துகொள்வதால் வருவது. போலந்து நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரே 1923-லேயே விவரித்து எழுதியிருக்கிறார், தொல்லை அதிகமானால் போடாக்ஸ் ஊசிகூட இருக்கிறது. நூறு வருஷமாகத் தெரிந்த சங்கதி, எங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

முக நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேயே கிளை பிரிந்து போவதால் சிலருக்குக் கொஞ்ச காலம் வாய் கோணும், இமை மூடாது. வாய் கோணுவதைப் பார்த்து எல்லோரும் அழுவார்கள், கண்ணை யாரும் கவனிக்க மாட்டார்கள். சொட்டு மருந்து விடாமல், ராத்திரி இமையை மூடி ஒட்டாமல் விட்டால் கருவிழி வறண்டு புண்ணாகிவிடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். காதடியில் கட்டி என்றால் "கொழுப்புக் கட்டிதான்" என்று ஊசி டெஸ்ட்கூட (கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்ப்பது) எடுக்காமல் மரத்துப்போக வைத்துக் கிளறி எடுக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. புற்றுநோய் இல்லாத சாதாரண உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியாகவே இருந்தாலும் உறை கிழிந்து சிதறினால் சில வருஷம் கழித்துச் சின்னச் சின்னதாகப் பல இடத்தில் முளைக்கும், இரண்டாவது ஆபரேஷனில் தழும்புக்கு நடுவே நரம்பைத் தேடுவது ரொம்பச் சிரமம். ஊசி டெஸ்ட் எடுத்தாச்சா, நரம்பைக் காப்பாற்ற என்ன செய்வீர்கள் என்று முதல் ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மேலே சொன்னதையெல்லாம் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கையில் கொடுக்க ஆஸ்பத்திரிகளுக்கு என்ன செலவாகிவிடும்? அடுத்த கட்டுரை எழுதும் மருத்துவரிடம் இதையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்