தலைமேல் இருப்பதுதான் மூக்கு

ஐயா,

நியூசிலாந்தின் சாதம் தீவுகளில் 2022 அக்டோபரில் 400-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியதையும், சுறாக்கள் நடமாடும் கடல் என்பதால் திருப்பி விடாமல் உயிரோடிருந்தவற்றைக் கருணைக்கொலை செய்ததையும் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் அநியாயம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2016 ஜனவரியில் நம்ம தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் 80-க்கு மேல் ஒதுங்கியபோது, மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துவிட்டும் பல மறுபடி கரைக்கே வந்தனவே. கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி. 1973-லும் அதே கரையில் 147.

சரி, நம்ம கதைக்கு வருகிறேன். போன மாதம் திருவொற்றியூரில், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லுக்கு நடுவே ஒரு ஓங்கில், அதான் டால்பின், உயிரோடு கிடந்தது. வாலோரம் நைலான் வலை அறுத்த சிவப்புக் கோடு. இரண்டு பையன்கள் வாலைப் பிடித்து இழுக்க, இன்னொருவன் பாவம் நல்ல மனசோடு குடத்துத் தண்ணீரைத் தலைமேல் இருந்த துளையிலேயே ஊற்றினான். "அது மீனில்லைப்பா, அதுதான் அதுக்கு மூக்கு" என்று நான் கத்தியது செல்ஃபி கூட்டத்தில் யாருக்குக் கேட்டது? முதுகை ஈரத்துணியால் மூடி, துளையை விட்டுவிட்டு, வனத்துறைக்குச் சொன்னாலே போதும். அந்த போன் நம்பரை காசிமேடு ஏலக்கூடத்தில் பெரிதாக எழுதி வைக்கக் கூடாதா?

வாசகி, புது வண்ணாரப்பேட்டை