மேல்மண்ணை ஏற்றிப்போக விடாதீர்கள்

வன்னியில் கிரவல் அகழ அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீதி போட எடுக்கும் கிரவல் என்ற சரளை மண்ணை அகழ்ந்தபின் எங்கள் காணிகளைச் சரியாக மீளமைக்கவில்லை என்ற முறைப்பாடுகள் உங்கள் மேசையில் இருப்பதால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. "காணி மீளமைக்கப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரியில் வந்த உங்கள் பதில்தான் இதை எழுத வைத்தது.

மீளமைக்கப்படவில்லை ஐயா. சித்தப்பாவின் காணியில் மேலே கிடந்த ஒரு சாண் கறுத்த மண்ணை பெக்கோவால் வழித்து, டிப்பரில் ஏற்றி விற்றுவிட்டார்கள். கிடங்கை மூடியது அடிமண்ணால்.

அதில் அவர் கச்சான் (நிலக்கடலை) போட்டார். முளைத்தது, பூத்தது. பூ வாடியபின் கூரான காம்பொன்று மண்ணுக்குள் இறங்கினால்தான் கச்சான் காய்க்கும். மழை விட்டு வெயில் எறித்ததும் அந்த மண் ஓடுபோல இறுகிவிட்டது. காம்புகள் இறங்க வழியில்லாமல் வெளியிலேயே நுனி கருகி நின்றன. பிடுங்கிப் பார்த்தால் நாலைந்து பொக்கு. வேலிக்கு இந்தப்பக்கம், வழிக்காத என் காணியில், கையால் இழுத்தாலே கொத்தாக வருகிறது.

இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உக்கல். பாலை, வீரை மரங்கள் உதிர்த்த சருகைப் புழுவும் பூஞ்சணமும் பற்றீரியாவும் உக்கவைத்து உண்டானது. மண்ணை மணிமணியாகச் சேர்த்து வைத்து, காற்றுக்கும் வேருக்கும் இடம் விடுவது அதுதான். ஈரத்தையும் பொட்டாசியம், கல்சியம் போன்ற சத்துகளையும் பிடித்து வைப்பதும் அதுதான். அது போன மண்ணில் பசளை போட்டாலும் பெருமழையோடு கழுவுண்டு போகிறது. எங்கள் வெக்கையில் போட்ட எருவும் விரைவாகக் கரைந்துவிடும். இழந்த உக்கலை ஒரு போகத்தில் மீட்க முடியாது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, மூடும்போது அதையே மேலே பரப்ப வேண்டும். அதை அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனையாக எழுதுங்கள்.

2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென நிறுத்தி, சேதனப் பசளை (இயற்கை உரம்) செய்யச் சொன்னது அரசு. விளைச்சல் விழுந்தது எங்கள் வயலில். இன்று அரசின் முத்திரையோடே உக்கல் மண் டிப்பரில் போகிறது. போருக்குப் பிறகு மிதிவெடி அகற்றும்வரை காத்திருந்து திரும்பிய காணிகள் இவை. இன்னும் எத்தனை முறை நாங்கள் முதலிலிருந்து தொடங்குவது?

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரிமழையோடு வரும் காலபோக விதைப்புக்கு முன் ஒருமுறை நேரில் வாருங்கள். வேலிக்கு இரண்டு பக்கமும் மண்வெட்டியால் வெட்டிக் காட்டுகிறேன். அதுவரை, மேல்மண்ணைத் திருப்பிப் பரப்பும் நிபந்தனை இல்லாமல் புதிய அனுமதி எதுவும் வழங்க வேண்டாமென்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேட்டுக்காணி விவசாயி ஒருவன்,
முல்லைத்தீவு மாவட்டம்