ஜாவாவும் அமேசோனாஸும் ஒரே அட்டவணையில் அடங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேசிலையும் இந்தோனேசியாவையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த இரண்டு நாடுகளைப் பற்றித் தமிழில் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையோடு நீங்கள் கொடுத்திருந்த அட்டவணை பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பரப்பளவு, மக்கள் தொகை, காலநிலை என்று மூன்றே வரிகள். காலநிலைக்கு நேராக இரண்டு நாடுகளுக்கும் ‘வெப்பமண்டலம்’ என்ற ஒரே சொல். இதைப் பார்க்கும் மாணவர் என்ன நினைப்பார்? பிரேசிலில் இடம் அதிகம், ஆள் குறைவு. இந்தோனேசியாவில் இடம் குறைவு, ஆள் அதிகம். மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்றுதானே? புவியியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது.

எண்களில் தவறில்லை. பிரேசிலின் பரப்பு சுமார் 85 லட்சம் சதுர கி.மீ.; 2022 கணக்கெடுப்பின்படி மக்கள் 20.3 கோடி. இந்தோனேசியாவின் நிலப்பரப்பு சுமார் 19 லட்சம் சதுர கி.மீ.; 2020 கணக்கெடுப்பில் மக்கள் 27 கோடி. ஒரு சதுர கி.மீ.க்குப் பிரேசிலில் 24 பேர், இந்தோனேசியாவில் 140 பேர் அளவில் வருகிறது. கணக்கு சரி. ஆனால் அந்த 24 பேரும் 140 பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போனால்தான் சிக்கல் புரியும்.

பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 15 லட்சம் சதுர கி.மீ.க்கும் பெரிய மாநிலம். அதில் இருப்பவர்கள் 39 லட்சம் பேர்தான். அவர்களிலும் பாதிக்கு மேல் மனாஸ் என்ற ஒரே நகரத்தில். இப்போது ஜாவா தீவைப் பாருங்கள். அமேசோனாஸில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இருக்கும். அங்கே 15 கோடிப் பேர் வாழ்கிறார்கள். இந்தோனேசிய நிலத்தில் ஏழு சதவீதம்தான் ஜாவா, மக்களில் பாதிக்கு மேல் அங்கேதான். இரண்டு இடங்களும் பூமத்திய ரேகைக்குப் பக்கம், இரண்டிலும் வெயிலுக்கும் மழைக்கும் குறைவில்லை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

காரணங்களில் பெரியது மண். ஜாவாவின் முதுகெலும்பு முழுவதும் எரிமலைகள். மெராபி போன்றவை இன்றும் குமுறிக்கொண்டிருக்கின்றன. அவை கக்கும் சாம்பல் சிதைந்து வயலுக்குப் புதுச் சத்தாகச் சேர்கிறது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் பாசன வசதி இருந்தால் வருடத்துக்கு இரண்டு போகம், சில இடங்களில் மூன்று போகம் நெல் எடுக்கிறார்கள். அமேசோனாஸை மூடியிருக்கும் அமேசான் காட்டின் மண் அப்படியல்ல. அந்தப் பிரம்மாண்டமான மரங்களைப் பார்த்தால் கீழே கொழுத்த மண் இருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் பெரும்பாலான இடங்களில் சத்து மண்ணில் இல்லை, மரத்தில் இருக்கிறது. விழுந்த இலை மக்கியதுமே மேலாக ஓடும் வேர்களும் பூஞ்சைகளும் சத்தை உறிஞ்சிவிடுகின்றன. மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போகிறது. காட்டை எரித்துப் பயிர் வைத்தால் சில வருடம் விளையும், அப்புறம் மண் சோர்ந்துவிடும். ஆற்றோர வண்டல் நிலமும், பழங்குடி மக்கள் கரி, எலும்பு, உடைந்த பானை ஓடுகள் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய கருமண் திட்டுகளும் விதிவிலக்கு. பல நூறு வருடங்கள் கழித்தும் அந்தக் கருமண்ணை உழவர்கள் தேடிப் போகிறார்கள்.

நாட்டுக்கு நாடு உள்ள குணம் இது என்றும் நினைத்துவிடக் கூடாது. இந்தோனேசியாவிலேயே மத்தியக் கலிமந்தான் மாகாணம் ஜாவாவைவிடப் பெரியது. அங்கே 2020-இல் 27 லட்சம் பேர்தான். எரிமலை வளம் இல்லை; முழுதாக மக்காத செடிகொடிகள் சேர்ந்து உருவான, பயிருக்கு அவ்வளவாக ஏற்காத சதுப்பு நிலக் கரிமண்தான் ஏராளம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் அட்டவணை தரும் அதே எண்ணத்தை நம்பி இரண்டு அரசுகளும் பெரும் திட்டங்கள் போட்டன. அன்று இந்தோனேசியாவை ஆண்ட டச்சுக்காரர்கள் 1905-இல் ஜாவா மக்களைச் சுமத்ரா தீவின் லாம்புங் பகுதியில் குடியேற்றத் தொடங்கினார்கள். சுதந்திர இந்தோனேசியா அதை இன்னும் பெரிதாக்கியது. பிரேசிலில் 1970-இல் வடகிழக்கு வறட்சியில் தவித்தபோது, ராணுவ அரசு அமேசான் காட்டின் குறுக்கே நெடுஞ்சாலை போட்டு ஏழைகளை அங்கே அனுப்பக் கிளம்பியது. மனிதர் இல்லாத நிலம், நிலம் இல்லாத மனிதருக்கு என்பதே அன்றைய முழக்கம். இரண்டு காடுகளிலும் மனிதர்கள் இருந்தார்கள். பழங்குடிகளின் நிலம் அது.

1990-களின் நடுவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் அரசு மத்தியக் கலிமந்தானின் கரிமண் சதுப்பில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கக் கிளம்பியது. ஆயிரக்கணக்கான கி.மீ. நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்ததும் சதுப்பு காய்ந்தது. அமிலம் ஏறிய அந்த மண்ணில் நெல் சரியாக வரவில்லை. 1997-இல் பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ வறட்சி வந்தபோது காய்ந்த மண்ணே பற்றி எரிந்தது; புகை அண்டை நாடுகள் வரை போனது. குடியேறியவர்களுக்கும் மண்ணின் மக்களுக்கும் இடையே மூண்ட பகை வேறு. 2001-இல் அதே மாகாணத்தின் சம்பிட் நகரில் தயாக் மக்களுக்கும் ஜாவாவை ஒட்டிய மதுரா தீவிலிருந்து வந்தவர்களுக்கும் நடந்த மோதலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ‘அடர்த்தி குறைவு’ என்றால் ‘காலி இடம்’ என்று படித்ததற்குச் சாதாரண மக்கள் கொடுத்த விலை இது.

காலநிலை வரியைப் பற்றியும் கொஞ்சம். இந்தோனேசியா முழுவதும் வெப்பமண்டலத்துக்குள் இருக்கிறது. சமவெளியில் வருடம் முழுக்க வெப்பம் பெரிதாக மாறாது, மழைதான் பருவத்தைச் சொல்லும். பிரேசில் அப்படியல்ல. வெப்பமண்டலத்தின் தெற்கு எல்லையான மகர ரேகை சாவ் பாலோ நகரை ஒட்டிப் போகிறது. அதற்குத் தெற்கே உறைபனியும் எப்போதாவது பனிப்பொழிவும் உண்டு. 1975 ஜூலையில் ஒரே உறைபனி பரானா மாநிலத்துக் காப்பித் தோட்டங்களைக் கருக்கிவிட்டது. வடகிழக்கிலோ முட்புதர்க் காடும் தீராத வறட்சியும். 1877-இல் தொடங்கிய பஞ்சத்தில் அங்கே லட்சக்கணக்கானோர் செத்தார்கள். இத்தனையையும் ‘வெப்பமண்டலம்’ என்ற ஒரு சொல்லில் அடைப்பது நியாயமா?

அடுத்த முறை இப்படி ஒப்பீடு வெளியிடும்போது அட்டவணையோடு மக்கள் அடர்த்தி வரைபடம் ஒன்றும் போடுங்கள். முடியாவிட்டால், இந்தோனேசியாவில் ஜாவாவுக்கும் பிரேசிலில் அமேசோனாஸுக்கும் தனியாக ஒரு வரியாவது ஒதுக்குங்கள். காலநிலைக் கட்டத்தில் அதிக மழை பெறும் இடம், வறண்ட இடம், குளிர்ந்த இடம் என்று மூன்று ஊர்ப் பெயர்கள் போதும். அரைப் பக்கத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியை ஒருவர்